நாலு நிமிச அஹ்ஸன்

கல்முனைக்குடிக்கு வந்து அஹ்ஸன்ட வீடு எது எண்டு கேட்டா ஒருத்தரும் காட்ட மாட்டாங்க. இந்த ஊர்ல அஹ்ஸன் பத்துப் பேர் இரிக்காங்க. 'நாலு நிமிசம்' எண்டு கேளுங்க, சந்தியில நிக்கிற ஓட்டோக்காரன் வாசல்ல கொண்டு வந்து இறக்கிட்டுப் போவான். அந்த நாலு நிமிசத்துக்காரன்ட பொஞ்சாதிதான் நான். பேர் கமீலா. பட்டம் வெச்சவனுகள் நல்லா இரிக்கட்டும், எனக்கு அதுல கோவமில்ல. ஆனா ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிக் கதைக்கிறாங்க பாருங்க, அதக் கேட்டாத்தான் பத்திக்கிட்டு வருது. அதனால நானே சொல்றன்.

இப்ப இவர் ஒலுவில் துறைமுகத்தில மீன் ஏலம் கூறுறார். போன வருச நோன்பு வரைக்கும் டீவியில கேள்வி கேட்ட மனிசன். 'கரை டீவி' எண்டு எங்கட கரையோர ஊர்களுக்கு மட்டும் கேபிள்ல வாற சின்ன சனல் ஒண்டு. அதுல 'வெல்லுற வீடு' எண்டு நிகழ்ச்சி. ரெண்டு குடும்பத்தக் கொண்டு வந்து எதிரெதிர நிப்பாட்டி, கேள்வி கேட்டு, மணி அடிக்க வெச்சி, வெண்டவங்களுக்கு ரைஸ் குக்கர் குடுக்கிறது. பன்னெண்டு வருசம் நடத்தினார். மருதமுனையில இருந்து பொத்துவில் வரைக்கும் அந்த ரைஸ் குக்கர் இல்லாத தெரு இல்ல. என்ட குசினியில மட்டும் இன்னும் பானைதான்.

டீவியில பாக்கிற சனம், "அஹ்ஸன் என்ன கலகலப்பான மனிசன்" எண்டு சொல்லும். கலகலப்பாம்! வீட்டுல வந்து பாக்கணும். நிகழ்ச்சிக்கு வெளிக்கிடுறதுக்கு ஒரு மணித்தியாலம் இரிக்கக்குள்ள தொடங்கும், கிணத்தடிக்கும் வாசலுக்குமா ஒரு நடை. கை ரெண்டும் ஐஸ்கட்டி மாதிரி. கோட்டுப் பொத்தானக் கூட நான்தான் பூட்டி விடுவன். கட்டின நாள்ல இருந்து பாத்துப் பாத்து அவர்ட பயம் எனக்கும் தொத்திட்டு. அவர் டீவியில சிரிக்கிற நேரம் நான் வீட்டுல மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு இரிப்பன்.

என்னத்துக்கு இந்தப் பயம் எண்டு கேட்டா, கேள்வி பிழைச்சிடும் எண்டில்ல, ஆரும் ஏசுவாங்க எண்டுமில்ல. சத்தமில்லாமப் போறதுக்குத்தான் பயம். கெமரா ஓடிக்கிட்டு இரிக்கும், ஒருத்தரும் கதைக்காம நிப்பாங்க, அந்த நேரம் இவருக்கு உசிர் போயிரும். இது அவர்ட வாப்பாட்ட இருந்து வந்த வருத்தம். அந்த வாப்பா, என்ட மாமா ஹமீட், கல்முனைக்குடிக் கரையில மீன் ஏலம் கூறினவர். தோணி வந்து மீனக் குவிச்சா, கடைசி மீன் போகும் வரைக்கும் அவர்ட வாய் மூடாது. "கூறுறவன் வாய மூடினா வாங்குறவன் யோசிப்பான், யோசிச்சா வெல விழுந்திரும்டா" எண்டு சொல்லிச் சொல்லித்தான் மகன வளத்திரிக்கார். இவரும் அப்பிடியே ஊறிட்டார். பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டிக்கு மைக், பொறகு ஃபுட்போல் மெச்சுக்கு, கலியாண மண்டபத்துக்கு. எங்கட கலியாணத்துக்கு அறிவிப்பாளர் வரச் சுணங்கிட்டார். இவர் மாப்பிள்ளைக் கோலத்தோட போய்த் தானே மைக்கப் புடிச்சி, "மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருகை தந்து விட்டார்" எண்டு அறிவிச்சவர். என்ட கூடப் பொறந்த ராத்தாமார் இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க.

ஒரு ஃபைனல் மெச்சில இவர்ட குரலக் கேட்டுத்தான் ஷரிபுதீன் ஹாஜியார் கரை டீவிக்குக் கூட்டிப் போனார். சனல் அவர்டதான்.

நோன்பு மாசத்துல மட்டும் நிகழ்ச்சி வேற மாதிரி. நேரலை. அஞ்சே முக்காலுக்குத் தொடங்கி நோன்பு திறக்கிற நேரம் வரைக்கும். குடும்பங்கள் வாறல்ல, சனம் போன்ல எடுத்து விடை சொல்லும். கடைசிக் கேள்வி, பரிசு, ஒரு துஆ, பொறகு இவர் கையில பேரீச்சம்பழத்த எடுத்துக்கிட்டு, "அன்பான நேயர்களே, இதோ நோன்பு திறக்கும் நேரம்" எண்டு சொல்லுவார். சொன்ன உடனே வாங்கு, தொழுகைக்குக் கூப்பிடுற குரல், கேக்கும். அது பதிவு செஞ்சி வெச்ச வாங்கு. பொத்தான அமத்தி அதப் போடுறது பாக்கியராசா.

பாக்கியராசா பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆள், முஸ்லிமில்ல, தமிழ் ஆள். சனல் தொடங்கின நாள்ல இருந்து கண்ணாடிக்கு அங்கால மெசினுக்கு முன்னால இரிக்கிறவர். நோன்பு மாசத்துல இவங்க திறக்கிற வரைக்கும் அவரும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டார். "நீ ஏன் மனே காயிற?" எண்டு கேட்டா, "நீங்க கதைச்சிக் கதைச்சித் தொண்ட வரளக்குள்ள நான் எப்பிடி நானா குடிக்கிறது?" எண்டு கேப்பாராம். இவர அண்ணன் மாதிரி 'நானா' எண்டுதான் கூப்பிடுவார். ரெண்டு பேருக்கும் இடையில ஒரு ஒழுங்கு இரிந்திச்சி. முத வருசமே இவர் சொல்லி வெச்சது. "நீ மணிக்கூட்டப் பாத்து அமத்தாத. என்ட வாயப் பாத்து அமத்து. நான் சொல்லி முடிச்ச மறு செக்கன் வாங்கு வரணும், இடையில ஒரு இடைவெளி கிடக்கப்படா." பன்னெண்டு வருசம் அந்த ஒழுங்கு ஒரு நாளும் பிழைக்கல்ல. இந்தக் கதைய மறந்திராதீங்க, எல்லாம் இதுலதான் கிடக்கு.

போன வருசம் நோன்புக்கு முதல் கொழும்புல ஒரு பெரிய சனல்ல இருந்து இவரக் கூப்பிட்டாங்க. நாடு முழுக்கத் தெரியிற நிகழ்ச்சி. பெருநாளைக்குப் பொறகு வந்து சேருங்க எண்டு வாயால சொல்லிட்டாங்க, கையெழுத்துத்தான் பாக்கி. எனக்குத் தலகால் புரியல்ல. மகள் அப்ராவக் கொழும்புல எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கிறது எண்டு நான் விசாரிக்கவும் தொடங்கிட்டன். பதினேழாம் நோன்பண்டைக்கு அங்கால இருந்து ஒரு கோல். "இண்டைக்கு எங்கட பணிப்பாளர் உங்கட நேரலையப் பேஸ்புக்கில பாப்பார்." அவ்வளவுதான், இவர்ட கையும் காலும் ஒரு இடத்துல நிக்கல்ல. அண்டைக்குக் கோட்டுப் பொத்தான நான் ரெண்டு தரம் பூட்ட வேண்டியாப் போச்சி, முத தரம் மாறிப் பூட்டிட்டன்.

எங்கட ஊர்ல அண்டைக்கு நோன்பு திறக்கிற நேரம் ஆறு பதினஞ்சி. நான் குசினியில கஞ்சி ஊத்திக்கிட்டு இரிக்கன், வீட்டு முன்மண்டபத்துல டீவி ஓடுது. கடைசிக் கேள்விக்குக் கோமாரியில இருந்து ஒரு பொம்புள கோல் எடுத்திச்சி. "சொல்லுங்க" எண்டார் இவர். லைன் அறுந்திட்டு. திரும்ப வந்திச்சி, திரும்ப அறுந்திட்டு. மூண்டாவது தரம் வரவேயில்ல. டீவியில ஒரு சத்தமும் இல்ல. எனக்குக் கரண்டி கையிலயே நிண்டிட்டு. றப்பே, கதைங்க, என்னத்தையாவது கதைங்க எண்டு நான் குசினிக்குள்ள நிண்டு மண்டாடுறன்.

கதைச்சார். கதைக்காமயே இரிந்திருக்கலாம். "பரவாயில்லை, அந்தச் சகோதரிக்குப் பரிசை அனுப்பி வைப்போம்" எண்டார். பரிசு எண்டதும் துஆ வந்திச்சி, துஆ முடிஞ்சதும் கை தானாப் பேரீச்சம்பழத்துக்குப் போச்சி. ஒவ்வொரு நாளும் ஓடின பாதைதானே, வாய் தானா ஓடிட்டு. "அன்பான நேயர்களே, இதோ நோன்பு திறக்கும் நேரம்."

வாங்கு கேட்டிச்சி.

நான் சுவர் மணிக்கூட்டப் பாத்தன். ஆறு பதினொண்டு. "அப்ரா, வெக்காத! வாயில வெக்காத!" எண்டு கத்திக்கிட்டு ஓடினன். புள்ள பேரீச்சம்பழத்த மென்டுக்கிட்டு என்னப் பாக்குது. பத்து வயசு, அந்த வருசந்தான் முழுசா நோன்பு புடிக்கத் தொடங்கினது. "வாப்பா சொல்லிட்டாரே உம்மா" எண்டிச்சி. டீவியில இவரும் தண்ணியக் குடிச்சிக்கிட்டு இரிக்கார். பக்கத்து வீட்டுல பீங்கான் சத்தம் கேக்குது. ஊரே திறந்திட்டு. நாலு நிமிசத்துக்குப் பொறகு பெரிய பள்ளிவாசல் வாங்கு கேட்டிச்சி பாருங்க, அந்த வாங்கக் கேட்டு அப்பிடி நடுங்குவன் எண்டு நான் ஒரு நாளும் நினைக்கல்ல.

காலையில இருந்து காய்ஞ்சி கிடந்து, கடைசி நாலு நிமிசத்துல அந்த நோன்பு இல்லாமப் போயிட்டு. ஒருத்தர்ட நோன்பில்ல, ஊர்ட நோன்பு. டீவிய நம்பித் திறந்தவங்க எல்லாரும் பெருநாளைக்குப் பொறகு ஒரு நோன்பு களாச் செய்யணும், அதுக்கு ஈடாத் திரும்பப் புடிக்கணும் எண்டு பள்ளியில அறிவிச்சாங்க.

இவர் வந்து கதிரையில இரிந்தார். கோட்டக் கழட்டவுமில்ல. "ஆயிரக்கணக்கான சனத்துட நோன்பு என்ட கழுத்துல கமீலா" எண்டார். "மணிக்கூடு முன்னாலதான் இரிந்திச்சி. நான் பாக்கல்ல. பாக்கியராசா கண்ணாடிக்கு அங்கால கைய கைய ஆட்டினான், அதையும் நான் பாக்கல்ல. நான் சொல்லி முடிச்சதும் பழக்கத்துல அவன் அமத்திட்டான். அவன் என்ன செய்வான், நான்தானே வாயப் பாக்கச் சொன்னன்." நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். ஆறி ஆடை படிஞ்சி கிடந்திச்சி, அவர் தொடல்ல.

அதுக்குள்ள பேஸ்புக்கில ஒருத்தன் எழுதிட்டான். ஆரெண்டே தெரியா, முகமில்லாத பேர். "கரை டீவியில வாங்கு அமத்துறது ஒரு தமிழன். முஸ்லிம்ட நோன்பக் கெடுக்க வேணுமெண்டு செஞ்ச வேலை." அதுக்குக் கீழ நூறு பேர், இருநூறு பேர். ஒருத்தன் பாக்கியராசாட படத்தையே போட்டிரிக்கான். இந்த ஊர்ப் பக்கத்துல இப்பிடி ஒரு கதை எங்க போய் முடியும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. ஒரு ரோட்டுக்கு இங்கால நாங்க, அங்கால தமிழ் ஆக்கள். கலவரம் வர ஒரு சின்னக் கல் காணும்.

ஹாஜியார் கோல் எடுத்தார். ஸ்பீக்கர்ல போட்டதால நானும் கேட்டன். "அஹ்ஸன், நீ ஒண்டும் சொல்லாத. பொய்யும் சொல்லத் தேவல்ல, உண்மையும் சொல்லத் தேவல்ல. சனம் தானா ஒரு ஆளப் புடிச்சிட்டு. ரெண்டு நாள்ல மறந்திரும். நீ கொழும்புக்குப் போற மனிசன், பேரக் கெடுத்துக்காத. பாக்கியராசாவ நான் கொஞ்ச நாளைக்கு வர வேணாம் எண்டு சொல்லிட்டன்." இவர் என்ட முகத்தப் பாத்தார்.

இப்ப நான் ஒண்டு சொல்லணும், மறைக்கப் போறல்ல. நானும் அதையேதான் சொன்னன். "ஹாஜியார் சொல்றதும் சரிதானே, வாய மூடிட்டு இரிங்களன். நீங்களா அந்த மனிசன்ட பேரச் சொன்னீங்க?" எண்டு கேட்டன். கொழும்பு வீடும் மகள்ட பள்ளிக்கூடமும் என்ட கண்ண மறைச்சிட்டு. வெக்கங்கெட்ட கதை. சத்தமில்லாம ஒரு செக்கன் நிக்க ஏலாத மனிசன, நானே சத்தமில்லாம இரிக்கச் சொன்னன். அவரும் இரிந்தார். மறுநாள் பகல் வரைக்கும் என்னோடயும் கதைக்கல்ல, அப்ராவோடயும் கதைக்கல்ல. அப்ரா மட்டும், "வாப்பா, என்ட நோன்பும் போயிட்டா?" எண்டு கேட்டிச்சி. அவர் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டார்.

மறுநாள் பகல் ளுஹர் தொழுதிட்டு இரிக்கக்குள்ள என்ட போனுக்குத் தவமலர் எடுத்தா. பாக்கியராசாட பொஞ்சாதி. கலியாணம், பெருநாள் எண்டா ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய் வருவம், அவ்வளவு பழக்கம்.

"அக்கா, ஓட்டோவில மூண்டு பேர் வந்து, பாக்கியராசாட வீடு இதுவா எண்டு கேட்டுட்டுப் போறாங்க" எண்டா. மெல்லமாக் கதைச்சா, பக்கத்துல ஆரோ நிக்கிற மாதிரி. "ஒண்டும் செய்யல்ல. கேட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க கதவப் பூட்டிட்டு உள்ளுக்க இரிக்கிறம். புள்ளைகள கட்டிலுக்கு அங்கால இரித்தியிரிக்கன். அவர் சாப்பிடவுமில்ல. நானா ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் எண்டு அவர் சொல்றார் அக்கா. ஆனா உங்களிட்டக் கேக்க வேணாமாம். நான்தான் மனசு கேக்காம எடுத்தன்."

"ஓம் தவமலர், ஓம்" எண்டன். போன வெச்சிட்டுத் திரும்பினா இவர் பின்னால நிக்கார். எல்லாம் கேட்டிரிக்கார்.

"என்ன செய்யச் சொல்ற?" எண்டார்.

"என்னட்டக் கேக்காதீங்க" எண்டன். "நேத்து நான் சொன்னதையும் கேக்காதீங்க."

"கொழும்பு போயிரும்."

"போகட்டும்" எண்டு சொல்லத்தான் பாத்தன். வாய் வரல்ல. அவர் கோட்ட எடுத்துப் போட்டார். அண்டைக்கு அவர்ட பொத்தான அவரே பூட்டினார். பூட்டிட்டு வெளிக்கிட்டுப் போயிட்டார். சொல்லப் போறாரா, ஹாஜியார்ட சொல்லக் கேட்டு இரிக்கப் போறாரா, எனக்குத் தெரியா.

அஞ்சே முக்காலுக்கு டீவியப் போட்டன். கஞ்சி அடுப்புல, நான் மண்டபத்துல. நிகழ்ச்சி தொடங்கினதும் சிரிச்சிச் சலாம் சொன்னார். முதக் கேள்வி கேட்டார், ரெண்டாவது கேட்டார், சனம் விடை சொல்லிச்சி, பரிசு சொன்னார். நேத்தையக் கதைய எடுக்கவேயில்ல. ஆறு மணி. ஆறு அஞ்சி. இந்த மனிசன் சொல்ல மாட்டார், பயந்திட்டார், எல்லாம் நான் செஞ்ச வேலை எண்டு எனக்கு நானே ஏசிக்கிட்டு இரிக்கன்.

ஆறு ஒம்பதுக்கு, "இது கடைசிக் கேள்வி" எண்டார். "இதுக்கு ஒருத்தரும் கோல் எடுக்கத் தேவையில்லை. நானே கேட்டு நானே விடை சொல்லப் போறன். நேத்து இந்த ஊர்ட நோன்ப நாலு நிமிசம் முந்தித் திறக்க வெச்சது ஆரு? ஒண்டு, பழுதான மணிக்கூடு. ரெண்டு, பாக்கியராசா. மூண்டு, போன் லைன். நாலு, அஹ்ஸன்."

நிகழ்ச்சிப் பாஷையெல்லாம் போயிட்டு, வீட்டுல கதைக்கிற மாதிரிக் கதைச்சார். "விடை நாலு. மணிக்கூடு சரியாத்தான் ஓடினது, நான் பாக்கல்ல. பாக்கியராசா கையக் காட்டித் தடுத்தவன், அதையும் நான் பாக்கல்ல. என்ட வாயப் பாத்து வாங்க அமத்து எண்டு அவனுக்குச் சொல்லி வெச்சதும் நான்தான். நேத்தே இதச் சொல்லியிருக்கணும். சொல்லாம ஒரு நாள் இரிந்தன். அது நோன்பக் கெடுத்தத விடப் பெரிய பிழை. பாக்கியராசாட வீடு எது எண்டு கேட்டுத் திரியிற ஆக்களுக்குச் சொல்றன், என்ட வீடு கல்முனைக்குடியில, பீச் ரோட்டுல, பச்சக் கேட். அங்க வாங்க."

நான் எழும்பி நிண்டிட்டன். கேட் எங்கட கேட்!

"இப்ப ஆறு பதினொண்டு" எண்டார். "நேத்து இந்த நேரந்தான் நான் வாயத் தொறந்தது. இண்டைக்கு இதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். இந்த டீவியில வாங்கும் வராது. பெரிய பள்ளி வாங்கு கேட்டுத் திறங்க. என்ன மன்னிச்சிக்கோங்க."

சொல்லிட்டு வாய மூடினார்.

கெமராவப் பாத்துக்கிட்டு நிக்கார். கை ரெண்டும் மேசையில. ஒரு நிமிசம் போச்சி. பாட்டில்ல, துஆ இல்ல, ஒரு விளம்பரமும் போடல்ல. கெமராக்காரன் ஹாதிக் நிப்பாட்டியிரிக்கலாம், நிப்பாட்டல்ல. என்ட போன் அடிக்கத் தொடங்கிச்சி. ஹாஜியார். வெட்டினன். திரும்ப அடிச்சார். எடுத்தன். "உன்ட மாப்பிள்ளையக் கதைக்கச் சொல்லு! சனல் செத்த மாதிரிக் கிடக்கு!" எண்டு கத்துறார். "நீங்கதானே ஹாஜியார் வாய மூடிட்டு இரிக்கச் சொன்னீங்க" எண்டு சொல்லி வெச்சிட்டன். அப்பிடிச் சொல்ல எனக்கு எங்கால இருந்து தைரியம் வந்திச்சி எண்டு இண்டைக்கும் தெரியா. வேலை போயிட்டு எண்டு அப்பவே எனக்கு விளங்கிட்டு. கொழும்பும் போயிட்டு. அங்கால இருந்து அதுக்குப் பொறகு ஒரு கோலும் வரல்ல.

ரெண்டு நிமிசம். மூண்டு நிமிசம். அவர்ட நெத்தியில வேர்வை ஓடுது. சத்தத்துக்குப் பொறந்த மனிசன், சத்தமில்லாம நிக்கார். அப்ரா என்ட கையப் புடிச்சிக்கிட்டு, "வாப்பாக்கு என்ன உம்மா?" எண்டிச்சி. "ஒண்டுமில்ல. பாரு" எண்டன். தெருவிலயும் சத்தமில்ல. பக்கத்து வீட்டுலயும் பீங்கான் சத்தம் கேக்கல்ல. வாசல்ல கேட் திறக்கிற சத்தம் வருதா எண்டு ஒரு காது அங்க. ஒருத்தரும் வரல்ல.

ஆறு பதினஞ்சிக்குப் பெரிய பள்ளி வாங்கு கேட்டிச்சி. அப்ரா பழத்த வாய்க்குக் கிட்டக் கொண்டு போய், டீவியில வாப்பாவப் பாத்திச்சி. அவர் மெல்லமாத் தலைய ஆட்டினார், மகள் பாத்துக்கிட்டு இரிக்கிறது தெரிஞ்ச மாதிரி. புள்ள வாயில வெச்சிச்சி.

நானும் பேரீச்சம்பழத்தக் கையில எடுத்தன். கதவப் பூட்டிட்டு இரிக்கிற தவமலர்ட நினைப்பு வந்திச்சி. அப்பிடியே புடிச்சிக்கிட்டு நிண்டன். போன் அடிச்சிச்சி. ஹாஜியார் எண்டு நினைச்சி ஏசுறதுக்கு வாயத் தொறந்தன். தவமலர்.

"அக்கா" எண்டா. அழுதாவா சிரிச்சாவா எண்டு தெரியல்ல. பின்னால புள்ளைகள் வாசல்ல ஓடுற சத்தம் கேட்டிச்சி. "கதவத் தொறந்திட்டம் அக்கா. இவர் இப்பதான் தண்ணி குடிக்கார்."

அதுக்குப் பொறகுதான் நான் நோன்பத் திறந்தன்.